டபுள் நைன் போட்டவள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்னைத் தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

போன மாதம் ஒரு நாள் காலை, அஜ்மானிலிருந்து ஷார்ஜா போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. தெரியாத எண்.

"வணக்கம் மேடம். என் பேர் விஜி. ஏ.சி. வேலுச்சாமியோட மகள். ஷார்ஜா முவைலாவில் இருக்கோம். தமிழ் மன்ற மலர்ல உங்க கதையும் போட்டோவும் பார்த்தோம். அப்பா விசிட் விசால வந்திருக்காங்க. போட்டோவைப் பார்த்ததும் கஜந்தி மேடம்னு கண்டுபிடிச்சிட்டாங்க. நேர்ல வந்து உங்களுக்கு நன்றி சொல்லணுமாம். எனக்கும் ஒண்ணு கேக்கணும். 1999 டிசம்பர்ல அப்பாவுக்கு லீவு வராமப் போனது கம்ப்யூட்டர் கோளாறாலதானா? அப்பா இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் சொல்றாங்க. நான் இங்க ஒரு கம்பெனில எச்.ஆர்.ல இருக்கேன். சிஸ்டம் தானா அப்படிச் செய்யாதுன்னு எனக்குத் தெரியும்."

அந்த லீவுக்காகக் காத்திருந்துதான் விஜியின் அம்மா சீதாலட்சுமி செத்துப்போனார். [முதலில் 'காலமானார்' என்று எழுதினேன். அடித்துவிட்டேன்.] அப்போது விஜிக்குப் பன்னிரண்டு வயது.

செய்திக்குப் பதில் போடவில்லை. வீட்டுக்கு வந்து கதை எழுத உட்கார்ந்தேன். கதை எழுதுகிறவர்களுக்கு இருக்கும் வசதி இது. ஒரு கேள்விக்கு ஆம், இல்லை என்று சொல்வதற்குப் பதிலாகப் பத்துப் பக்கம் எழுதலாம், யாரும் திட்டமாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: "1999ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் உலகமே கம்ப்யூட்டர்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தபோது" — இதை முடிக்கவில்லை. செய்திப்படத்தில் பின்னணிக் குரல் கொடுக்கிற ஆள் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்: "வேலுச்சாமி அந்தக் குளிர் அறையில் வியர்த்தான்." இந்த வரியில் ஒரு நாள் முழுக்க மயங்கிக் கிடந்தேன். அழகான வரி, அப்பட்டமான பொய். அந்த அறையில் யாருக்கும் வியர்த்ததே இல்லை. அங்கே எப்போதும் பதினெட்டு டிகிரி. அவர் காதை மூடிக் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டுதான் உள்ளே வருவார். அதோடு, 'வியர்த்தான்' என்று எழுத எனக்கு எவ்வளவு துணிச்சல்! நேரில் வேலுச்சாமி அண்ணை என்றுதானே கூப்பிட்டேன். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர்.

மூன்றாவது தொடக்கம், இதுவே இருக்கட்டும்: நான் கஜந்தி. யாழ்ப்பாணம் இணுவில். 1996இல் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் தரவு பதியும் வேலைக்கு வந்தேன். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பயம் காரணமில்லை. பெயர் சொன்னால் நீங்கள் அந்தக் கம்பெனி மேல் கோபப்பட்டுவிட்டு என்னை மறந்துவிடுவீர்கள்.

3

அந்தக் கம்பெனியில் ஒரு மெயின்ஃபிரேம் இருந்தது. மூன்று பெரிய அலுமாரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது போன்ற கம்ப்யூட்டர். எங்கேயோ பழசாக வாங்கியது. நான்காயிரம் தொழிலாளர்களின் விசா, ரூம், ஊருக்குப் போகிற லீவு எல்லாம் அதற்குள் இருந்தன. சூடு தாங்காது. அறை ஏ.சி. ஒரு மணிநேரம் நின்றால் அது படுத்துவிடும். அந்த ஏ.சி.யும் அதே வயசுக் கிழம். அதன் மூச்சு தெரிந்தவர் கம்பெனியிலேயே ஒருவர்தான். சிவகங்கைப் பக்கத்து வேலுச்சாமி.

இனி நான் சொல்லப்போவது எங்கள் அலுவலகத்துப் பழக்கம். எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஒப்பந்தப்படி இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவு. ஒவ்வொரு ஆளுக்கும் அடுத்த லீவுத் தேதி மெஷினில் இருக்கும். மாதம் பிறந்ததும் அந்த மாதத்துக்குரிய ஆட்களின் லீவுச் சீட்டுகளை மெஷின் தானாக அடித்துத் தள்ளும். சீட்டு வந்துவிட்டால் பாஸ்போர்ட்டைப் பெட்டகத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாக வேண்டும். ஆகவே ஒரு ஆளை விடக் கூடாது என்றால், சீட்டே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஆளின் லீவுத் தேதியில் 31-12-99 என்று போட்டுவிடுவது.

மெஷினுக்குள் வருஷத்துக்கு இரண்டு இலக்கம்தான் இடம். அதில் ஆகப் பெரியது 99. எண்பதுகளில் இதைத் தொடங்கியவர்களுக்கு அது உலக முடிவு போல அவ்வளவு தூரத்தில் தெரிந்திருக்கும். சைட்டிலிருந்து போர்மேன் போன் பண்ணுவான்: "அந்த ஆளுக்கு டபுள் நைன் போடு." நாங்களும் போடுவோம். யாருக்கு? சோம்பேறிக்கும் சண்டைக்காரனுக்கும் ஒருநாளும் போட்டதில்லை. கிரேன் ஓட்டத் தெரிந்தவனுக்கு, வெல்டிங்கில் கை தேர்ந்தவனுக்கு, அவன் போனால் வேலை நின்றுவிடும் என்று சொல்லத்தக்க ஆளுக்கு. நன்றாக வேலை செய்ததற்கு நாங்கள் கொடுத்த பரிசு அது.

வேலுச்சாமிக்கு 1997 ஜூலையில் லீவு வந்திருக்க வேண்டும். ஆள் நிர்வாகம் பார்த்த பெர்சனல் மேனேஜர் கௌரிசங்கர் என் மேசைக்கே வந்து சொன்னார்: "ஏ.சி. வேலுச்சாமியை விட முடியாதும்மா. அவன் போயிட்டா கம்ப்யூட்டர் ரூமை யார் பாக்கறது? டபுள் நைன் போட்ரு."

போட்டேன். பணியாளர் எண் 2217. அன்றைக்கு மதியம் என்ன சாப்பிட்டேன் என்றுகூட நினைவில்லை. அவ்வளவு சாதாரணமாகப் போட்டேன்.*

* இந்தப் பத்தியை நான்கு முறை திருத்தினேன். ஒரு திருத்தத்தில் என் விரல்கள் நடுங்கின. இன்னொன்றில் கண் கலங்கியது. இரண்டும் நடக்கவில்லை.

4

1999 பிறந்தபோது வேறு பயம் வந்தது. 2000 வந்ததும் மெஷின் 00ஐப் பார்த்து 1900 என்று நினைத்துக்கொள்ளும், எல்லா விசாவும் முடிந்துவிட்டதாகச் சொல்லும், ஆள் பிறக்கும் முன்பே வேலைக்குச் சேர்ந்ததாகச் சொல்லும் என்றார்கள். தொழிலாளர் தங்கும் கேம்பில் வேறு விதமாகப் பேசினார்கள். விமானம் விழும், லிஃப்ட் நிற்கும், குழாயில் தண்ணீர் வராது என்று. கம்பெனியின் பெரியவர்கள் ஒரு குழு போட்டு, மெஷின் தயார் என்று சான்றிதழில் கையெழுத்துக் கேட்டார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் புரோகிராமர் நவரத்தினம்.

நவரத்தினத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் எனக்குப் பெரிய குழப்பம். அவரும் யாழ்ப்பாணம், மானிப்பாய். ஐம்பது வயது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஷார்ஜா ரோலாவில் அவருடைய விசாவில் இருந்தார்கள். ஊரில் சண்டை, திரும்பிப் போக வீடில்லை. முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதினேன். இரண்டாவதில் நேர்மையின் சிகரமாக்கினேன். இரண்டுமே எனக்கு வசதி. அவர் வில்லன் என்றால் பழி அவருக்கு. அவர் உத்தமர் என்றால், உத்தமரே ஒன்றும் செய்யமுடியாத இடத்தில் நான் என்ன செய்திருக்க முடியும் என்று தப்பிக்கலாம். அதனால் அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

செப்டம்பரில் சோதனை ஓட்டம். ஒரு வெள்ளிக்கிழமை, ஆட்கள் இல்லாத நாளாகப் பார்த்து, மெஷினின் நாட்காட்டியை 1999 டிசம்பர் ஒன்றுக்குத் தள்ளிவைத்தார். வெற்றுத்தாள் தீர்ந்துபோயிருந்ததால் அசல் லீவுச் சீட்டுத் தாளையே பிரின்டரில் மாட்டினோம். டிசம்பரில் வழக்கமாகப் பத்துப் பதினைந்து பேர் போவார்கள். பிரின்டர் அடிக்கத் தொடங்கியது, நிற்கவேயில்லை. பெட்டி காலியானது. இன்னொரு பெட்டி மாட்டினேன்.

"இதென்ன பிள்ளை, முப்பத்தொண்டாந் தேதிக்கு மட்டும் நானூற்றிப் பன்னிரண்டு பேர் நிக்கினம்?" என்றார் நவரத்தினம்.

எனக்கு உடனே விளங்கியது. அத்தனை பேரும் டபுள் நைன் போட்டவர்கள். பத்துப் பதினைந்து வருஷமாக 'ஒருபோதும் இல்லை' என்று நாங்கள் போட்டுவந்த தேதி, வரவே வராது என்று நினைத்த தேதி, வருகிற டிசம்பருக்கு வந்து நின்றது. மெஷினுக்கு எங்கள் தந்திரம் தெரியாது. அது தேதியைத் தேதியாகத்தான் படித்தது. நாங்கள் மறுத்த லீவையெல்லாம் அது ஒரே நாளில் கொடுக்கத் தயாராக இருந்தது.

அந்த நேரத்தில் ஏ.சி. பார்க்க வேலுச்சாமி உள்ளே வந்தார். தரையில் மடிந்து கிடந்த சீட்டுகளைக் கடந்து போகும்போது குனிந்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, எண் தெரியும்.

"மேடம், இது எந் நம்பர்தானே? ரெண்டு ரெண்டு ஒண்ணு ஏழு."

"ஓம் அண்ணை."

"லீவுங்களா?"

கிழித்துப் போட வேண்டிய சோதனைச் சீட்டு என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஏனென்றால் அது பொய்ச் சீட்டு இல்லை. இதே சீட்டை டிசம்பர் ஒன்றாம் தேதி மெஷின் உண்மையாகவே அடிக்கும் என்றுதான் அந்த நிமிஷத்தில் நானும் நம்பினேன். சீட்டைக் கிழித்து அவர் கையில் கொடுத்தேன். நாலு வருஷத்துக்கு மேலாக ஊர் பார்க்காத ஒரு மனுஷனின் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

"எம் பொண்டாட்டிக்கு வயித்துல கட்டி மேடம்," என்றார். "மதுரை ஆஸ்பத்திரில ஆப்பரேசன் பண்ணணும்னு மூணு மாசமா சொல்றாங்க. நீ வந்து பக்கத்துல நின்னாத்தான் படுப்பேன்னு அடம் புடிக்கிறா. பொம்பளப் புள்ளைய யாரு பாத்துக்குவான்னு கேக்குறா. இப்பவே கடுதாசி போட்டுடறேன். டிசம்பர் கடைசிக்கு வந்துடுவேன்னு."

கடிதம் போட்டார். அங்கே மதுரையில் ஆபரேஷன் தேதியை ஜனவரி முதல் வாரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அக்டோபரில் நடந்திருக்கக்கூடிய ஆபரேஷன் அது.

5

நவரத்தினம் ஒளிக்காமல் அறிக்கை எழுதினார். பிழை எண் பதினேழு: நானூற்றுப் பன்னிரண்டு பேரின் லீவு ஒரே நாளில் விழுகிறது. இது சரியாகும்வரை மெஷின் தயார் என்று கையெழுத்துப் போடமாட்டேன் என்றும் எழுதினார். அவருக்கு அந்த மெஷின் மீது உண்மையாகவே சந்தேகம் இருந்தது. நூறு இடத்தில் சந்தேகம். அவருடைய சந்தேகங்களில் பாதி சரியாகவும் இருந்தது.

கௌரிசங்கர் அறிக்கையோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"இது லீவு இல்ல சார், டேட்டா எரர். நானூறு பேர் ஒரே நாள்ல போனா சைட்டை யார் பாக்கறது? வருஷத்தை நாலு இலக்கம் ஆக்கறீங்க இல்ல? இந்த டபுள் நைனை மட்டும் இருபது தொண்ணூத்தொம்போது ஆக்கிடுங்க. கலாஸ், வேலை முடிஞ்சுது."

31-12-2099.

"அந்த ஆக்கள் ஒருத்தரும் அப்ப உயிரோட இருக்கமாட்டினம் சார்," என்றார் நவரத்தினம்.

"அதனாலதான் சொல்றேன்," என்றார் கௌரிசங்கர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவருக்குத் தலைவலி தீர்ந்த நிம்மதி.

அவர் போனபின் நான் கேட்டேன்: "நவம் அண்ணை, ஒராளை மட்டும் விட ஏலாதோ? வேலுச்சாமி அண்ணையை."

"விட்டால் கணக்கு நானூற்றிப் பதினொண்டு எண்டு வரும். ஏனெண்டு கேப்பினம். நான் கையெழுத்து வைக்க வேணும் பிள்ளை. என்ர விசாவில மூண்டு பேர் நிக்கினம்." திரையை என் பக்கம் திருப்பினார். "நவம்பர் பதினைஞ்சு புது புரோகிராம் ஓடும். அதுக்குப் பிறகு உமக்கு ஒரு ரெக்கோட்டைத் திறந்து தேதி மாத்துற அதிகாரம் இருக்கு. மாத்த வேண்டியது வருஷத்தின்ர நாலு இலக்கம்தான். ஆனா ஆர் மாத்தினது எண்டு உம்மட கோட் நம்பர் பதிஞ்சு நிக்கும். யோசிச்சுச் செய்யும்."

இதுதான் கதையின் நடு ஆணி. இனி நவரத்தினத்தை நீங்கள் திட்டவும் வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். அவர் கதவை எனக்குத் திறந்துகாட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். இப்போது கனடாவில் இருக்கிறார். கேட்டால் இந்தப் பேச்சே நடக்கவில்லை என்பார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

6

டிசம்பர் ஒன்று. மெஷின் பதினோரு சீட்டு அடித்தது. 2217 அதில் இல்லை.

மறுநாள் வேலுச்சாமி என் மேசைக்கு வந்தார். செப்டம்பர் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். பாஸ்போர்ட் கேட்டுப் பெர்சனல் கவுன்டருக்குப் போயிருக்கிறார், பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"என்னான்னு பாருங்க மேடம்."

[இங்கே ஒரு நல்ல எழுத்தாளர் அவருடைய கண்களை வர்ணிப்பார். நான் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

"அது கம்ப்யூட்டர் பிழை அண்ணை," என்றேன். "2000 வருஷப் பிரச்சினை எண்டு சொல்லுறாங்களே, அதுதான். மெஷின் தெரியாமல் அடிச்சிட்டுது."

சொல்லும்போதே எவ்வளவு சுலபமாக இருந்தது தெரியுமா? அந்த வருஷம் உலகத்தில் யார் என்ன தவறு செய்தாலும் போட்டுக்கொள்ள ஒரு சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. நானும் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவர் உடனே நம்பினார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. "மெசினுதானே மேடம், அது என்ன பண்ணும்," என்றார். எனக்கே ஆறுதல் சொல்லுகிற மாதிரி. "சரியாக்கிருவீங்கள்ல? சரியானதும் எந் தேதிய மட்டும் பாத்துச் சொல்லுங்க."

"சொல்லுறன் அண்ணை."

திரையில் 31-12-2099 தெரிந்தது. அவர் நின்ற பக்கத்துக்குத் திரை தெரியாது.

7

நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. அலுவலகம் இரண்டு மணிக்கே மூடிவிடும். டிசம்பர் பதினான்காம் தேதி பகல் வேலுச்சாமி மறுபடி வந்தார். ஊருக்குப் போன் பண்ணியிருக்கிறார். சீதாலட்சுமிக்கு நிற்காமல் ரத்தம் போகிறது. அக்கம்பக்கத்தார் ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கூப்பிட்டால், இன்னும் பதினைந்து நாள்தான், அவர் வந்துவிடட்டும் என்று சொல்கிறாளாம்.

"வர முடியாதுன்னு சொல்லிரட்டா மேடம்? சொன்னாலாவது போயிப் படுப்பா. நீங்க சொல்லுங்க. தேதி வருமா, வராதா?"

இந்த இடத்தில் வாசகராகிய நீங்கள் என்னிடம் கத்தவேண்டும். கத்துங்கள். "வராது" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே போன் பண்ணியிருப்பார், அவள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாள். நான் "கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, பாக்கிறன்" என்றேன். மனசில் ஒரு திட்டம் இருந்தது. நானே மாற்றிவிடுவேன் என்று.

எல்லோரும் போன பிறகு, மூன்று மணி வெயிலில், ரெக்கோர்டைத் திறந்தேன். தேதியின் மீது போய் நின்றேன். 2ஐ அழித்து 1 போட்டேன். 0ஐ அழித்து 9 போட்டேன். 31-12-1999. சேமிக்க ஒரு விசை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால், மாத நடுவானாலும், மறுநாள் காலை அந்த ஒரு சீட்டை மெஷின் அடித்துவிடும்.

என் விசா அந்தக் கம்பெனியின் விசா. ரத்தானால் கொழும்பு. கொழும்பில் அந்த வருஷம் ஒரு யாழ்ப்பாணப் பெண் தனியாக லொட்ஜில் தங்குவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்: போலீஸ் பதிவு, ராத்திரிச் சோதனை, சந்தேகக் கைது. என் தம்பி சுஜந்தன் வவுனியா அகதி முகாமில் இருந்தான். அவனை வெளியே எடுக்க நான் இங்கே இருந்தாக வேண்டும். இவை எல்லாம் உண்மை. ஒவ்வொன்றும் உண்மை. இதை எழுதும்போது இவற்றை வேலுச்சாமியின் மனைவிக்கு எதிரே அடுக்கிவைக்கிறேன் என்பதும் தெரிகிறது.

சேமிக்காமல் வெளியே வந்தேன். நாளைக்குச் செய்யலாம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளும் திறந்தேன். அதற்கு மறுநாள் திறக்கவில்லை.

[இதற்குப் பிறகு அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நடந்ததைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. கடல், மசூதி, வானம். எடுத்துவிட்டேன்.]

8

டிசம்பர் இருபத்திரண்டு. ஊரிலிருந்து போன் வந்தது கௌரிசங்கரின் மேசைக்கு. சீதாலட்சுமி முந்தின நாள் சாயங்காலம் வீட்டிலேயே இறந்துவிட்டார்.

வேலுச்சாமி மெஷின் அறையில் இருந்தார். கௌரிசங்கர் நேரே போய்ச் சொன்னார். அவரையும் அரக்கனாக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவர் வேலுச்சாமியின் தோளில் கை வைத்துத்தான் சொன்னார். பிறகு வெளியே வந்து எங்களிடம், "அவங்க இன்னிக்கே எடுத்துருவாங்க. இப்பப் போயி என்ன பண்ணப்போறான், முகம்கூடப் பாக்க முடியாது. முப்பத்தொண்ணு தாண்டட்டும், ரெண்டாம் தேதி அனுப்பிடலாம். ரூம் ஏ.சி.க்கு வேற ஆள் இல்ல" என்றார். நவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஒரு படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினேன்.

முப்பத்தொன்றாம் தேதி ராத்திரியை நான் எழுதமாட்டேன். எல்லா வாசகர்களும் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள். பன்னிரண்டு மணி, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெஷினின் பச்சை விளக்குகள். நடந்தது ஒரு வரிதான். அறை பதினெட்டு டிகிரியில் இருந்தது, மெஷின் நன்றாக ஓடியது. கேக் வெட்டினார்கள்.

ஜனவரி இரண்டாம் தேதி வேலுச்சாமிக்கு அவசர லீவுப் பேப்பர் போட்டவள் நான். ஒரு மணிநேரத்தில் எல்லாக் கையெழுத்தும் வாங்கி, நானே பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். அதற்காகத்தான் அவர் எனக்கு நன்றி சொல்ல விரும்புகிறார். போனவர் திரும்பி வரவில்லை.

9

இப்போது முடிவுகள். கதையில் எனக்குக் கிடைக்கிற ஒரே அதிகாரம் இது என்பதால் மூன்றையும் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: டிசம்பர் பதினான்காம் தேதி கஜந்தி சேமிக்கும் விசையை அழுத்துகிறாள். வேலுச்சாமி ஊருக்குப் போகிறார். சீதாலட்சுமி பிழைக்கிறார். விஜி ஒருநாளும் எனக்குச் செய்தி அனுப்பவில்லை. இதை எழுதி முடிக்க எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. படித்தபோது வெட்கமாக இருந்தது. தாளில் நல்லவளாக இருப்பதற்கு யாருடைய விசாவும் ரத்தாவதில்லை.

இரண்டாவது முடிவு: வேலுச்சாமிக்கு எல்லாம் தெரியும். நானும் நவரத்தினமும் பேசிய நாளில் அவர் ஏ.சி. யூனிட்டுக்குப் பின்னால் இருந்து முழுவதையும் கேட்டிருக்கிறார். தாயில்லாப் பிள்ளை யார் மீதும் வெறுப்போடு வளரவேண்டாம் என்றுதான் மெஷின் கோளாறு என்று மகளிடம் சொல்லிவந்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஆகவே இதைத்தான் ஆகக் குறைவாக நம்புகிறேன். இந்த வேலுச்சாமி என்னை மன்னிப்பதற்காக நானே செய்த ஆள்.

மூன்றாவது முடிவு: விஜிக்குப் பதில் போடுகிறேன். "ஓம், கம்ப்யூட்டர் கோளாறுதான். அந்த நேரம் உலகம் முழுக்க அப்படித்தான்." அவள் சந்தேகப்படுவாள், ஆனால் நிரூபிக்க முடியாது. அந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டு இருபது வருஷமாகிறது. இதைச் செய்தியாகவே தட்டெழுதிவிட்டேன். அனுப்பும் அம்புக்குறி மேல் கட்டைவிரல் இருந்தது. இந்தத் தடவையும் ஒரு விசை.

அழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி அனுப்பினேன்.

10

வந்தார்கள். இது கதையில்லை, இனி நடப்பது எதையும் நான் யோசித்து எழுதவில்லை.

விஜி என்னைவிட உயரம். வேலுச்சாமி அண்ணை இளைத்திருந்தார், காது கொஞ்சம் மந்தம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "மேடம் அப்பிடியே இருக்கீங்க" என்றார். நான் அப்படியே இல்லை. கதலிப்பழம் ஒரு சீப்பும் பனங்கற்கண்டும் கொண்டுவந்திருந்தார். பனங்கற்கண்டு சிவகங்கையிலிருந்து, பெட்டியில் வைத்து. சந்தித்தால் எனக்குக் கொடுக்க வேண்டும் என்று அல்ல, விஜிக்காகக் கொண்டுவந்தது. அதில் பாதியை எனக்கு எடுத்துவந்திருக்கிறார்.

தேநீர் வைத்தேன். உட்கார்ந்ததும் அவர் தொடங்கிவிட்டார். அன்றைக்கு ஒரே நாளில் பேப்பர் போட்டுக் கொடுத்தீர்கள், பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்ச் சேர்ந்தேன், மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அதற்கு உங்களுக்கு நேரில் சொல்லவேண்டும் என்று இத்தனை வருஷமாக நினைத்தேன் என்றார். "மெசினு அப்பிடிப் பண்ணிருச்சு. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

விஜி கோப்பையைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை," என்றேன். காது கேட்கவேண்டும் என்பதற்காகச் சத்தமாகச் சொல்லவேண்டியிருந்தது. அந்தச் சங்கதியைச் சத்தமாகச் சொல்லவேண்டி வந்தது. "மெஷின் உங்களுக்கு லீவு தந்தது. நாங்கள்தான் மறிச்சது. தொண்ணூற்றேழில உங்களுக்குத் தேதி மாத்தினது நான். பிறகு திருத்த ஏலும் எண்டு தெரிஞ்சும் திருத்தாமல் விட்டதும் நான். வராது எண்டு உங்களுக்குச் சொல்லியிருந்தால் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பா. அதையும் நான் சொல்லேல்லை."

அவருக்கு முழுவதும் கேட்கவில்லை போலும், விஜியைப் பார்த்தார். விஜி அவர் காதருகே குனிந்து, சிவகங்கைத் தமிழில், நான் சொன்னதைத் திரும்பச் சொன்னாள். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என்னால் அப்படி ஒரு வாக்கியம் எழுத முடியாது.

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒன்று சொன்னார். நான்கு சொற்கள்.

அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் எல்லா இடத்திலும் அவருக்கு நானே சொற்களைப் போட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் அவருடைய தேதியையும் நான்தான் போட்டேன். இந்த ஒரு இடத்தை நிரப்ப எனக்கு உரிமை இல்லை. நீங்கள் வேண்டுமானால் எதையாவது போட்டுக்கொள்ளுங்கள். மன்னித்தார் என்று போட்டால் உங்களுக்குத் தூக்கம் வரும். மன்னிக்கவில்லை என்று போட்டால் நியாயம் நடந்த மாதிரி இருக்கும். எதைப் போட்டாலும் அது நீங்கள் போட்டது, அவர் சொன்னது இல்லை.

அவர்கள் போனபிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். விஜி பாதி குடித்திருந்தாள். அவருக்கு வைத்த தேநீர் வைத்தபடியே இருந்தது.